கேட்காத ஒலியின் பெயர்: பவியா முதல் உத்ரெக்ட் வரை

நாள் 1, வியாழன், பவியா

ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு நெதர்லாந்தில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, அடுத்த மாதம் எனக்கு எக்கோ இருக்கிறது, நீயும் வந்துவிடு" என்றாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மதுரைப் பக்கத்தில் எக்கோ என்றால் இருதயத்துக்கு எடுப்பது. அவளுக்கோ நான்கு மாதம் முடியப் போகிறது.

"இருதயத்துக்கு என்ன ஆயிற்று?"

"இருதயம் இல்லையம்மா, வயிறு. நீங்கள் ஸ்கேன் என்பதைத்தான் இங்கே எக்கோ என்கிறார்கள்."

உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் 33 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள் நான். நொடிக்கு 20 அதிர்வுக்கு, அதாவது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே குற்றொலி, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மீயொலி, நடுவில் செவியுணர் ஒலி என்று வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "காதில் விழாததை ஏன் டீச்சர் ஒலி என்கிறோம்? வேறு பேர் வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள். காற்றில் நெருங்கியும் விலகியும் செல்லும் அலை, அதுவும் இதுவும் ஒன்றே என்று சொல்லி உட்கார வைத்தேன். விடை சரிதான். ஆனால் அவள் கேட்டது அலையைப் பற்றி அல்ல, பெயரைப் பற்றி என்பது வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. மகளின் எக்கோ அந்தக் கேள்வியை மறுபடி கிளப்பிவிட்டது. நேராக ஆம்ஸ்டர்டாம் போகாமல் மிலானுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னேன். அங்கிருந்து ரயிலில், வழியில் இறங்கி இறங்கி, இந்த ஒலியைத் தேடியவர்கள் நடமாடிய ஊர்களைப் பார்த்துக்கொண்டு மகள் வீடு சேர்வது என்று திட்டம். கூடவே ஒரு நோட்டு. பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தாலும், உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்வேன்.

மிலானிலிருந்து அரை மணி நேரத்தில் பவியா. டிச்சீனோ ஆற்றின் கரையில் செங்கல் ஊர். பல்கலைக்கழகத்தின் முற்றங்களில் ஒன்றில், மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ட்டாவின் சிலை நிற்கிறது. நான் தேடி வந்தவர் அவருடைய சக பேராசிரியர், பாதிரியாராகவும் இருந்த லாசரோ ஸ்பல்லன்சானி. 1793இல் தம் அறையில் மெழுகுவர்த்தி அணைந்தபோது, வளர்த்த ஆந்தை சுவரில் முட்டிக்கொண்டதையும் வௌவால்கள் முட்டாமல் பறந்ததையும் கவனித்தவர். பிறகு அவர் செய்ததை எழுதக் கை கூசுகிறது. வௌவால்களின் கண்களைக் குருடாக்கிப் பறக்கவிட்டார். அவை அறையில் கட்டிய நூல்களுக்கு நடுவே ஒன்றிலும் படாமல் பறந்தன. பேராலயத்து மணிக்கூண்டில் பிடித்த வௌவால்களையும் அப்படியே செய்து வெளியே விட்டு, சில நாள் கழித்துச் சிலவற்றைத் திரும்பப் பிடித்து அறுத்துப் பார்த்தார். வயிறு நிறையப் பூச்சி. கண் இல்லாமலே அவை வேட்டையாடியிருந்தன. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கண் குருடாக்கிய இடத்தைத் தாண்டிவிடுவேன். இங்கே அவர் ஊரில் நின்றுகொண்டு தாண்ட மனம் வரவில்லை. நாம் அறிந்ததில் அவற்றின் கண்களும் சேர்ந்திருக்கின்றன.

அந்த மணிக்கூண்டு இன்று இல்லை. 1989 மார்ச் 17 அன்று இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். பேராலயத்தின் பக்கத்தில் அதன் அடிப்பகுதி மட்டும் நிற்கிறது.

மாலையில் கூரை வேய்ந்த பாலத்தின் மேல் நின்றேன். இருட்டத் தொடங்கியதும் ஆற்றின் மேல் வௌவால்கள் வந்தன. சின்னவை, நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் இருப்பவை போல. என் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் திரும்பின. ஒவ்வொன்றும் கத்திக்கொண்டேதான் பறக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்டதெல்லாம் தண்ணீர் ஓடும் ஓசை மட்டும்.

விடுதிக்கார அம்மாள் எழுதித் தந்த முதல் சொல்: உல்ட்ராசுவோனோ. "ஆனால் டாக்டரிடம் இப்படிச் சொல்ல மாட்டோம், அங்கே எக்கோகிராஃபியா" என்றார். அதாவது எதிரொலியால் வரைவது.

நாள் 2, வெள்ளி, ஜெனீவா

சிம்ப்ளோன் சுரங்கத்தைத் தாண்டி, லோசானுக்குப் பிறகு ரயில் ஏரியை ஒட்டியே ஓடுகிறது. ரோல் என்ற சிற்றூர் வந்ததும் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். எதிர்க்கரையில் தோனோன். 1826இல் இரண்டு பேர் இந்த ஏரியில் படகேறினார்கள். ஸ்டூர்ம் ஒரு கரைப் பக்கம் தண்ணீருக்குள் மணியை அடித்தார். அடித்த அதே நொடியில் மேலே வெடிமருந்து பளிச்சிட்டது. மறு கரைப் பக்கம் கொலடோன் நீண்ட குழலை நீருக்குள் இறக்கி, காதை வைத்துக் காத்திருந்தார். வெளிச்சம் தெரிந்து ஒன்பது நொடிக்கு மேல் ஆன பிறகு மணி கேட்டது. இடையில் 13 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,435 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். இன்று வயிற்றுக்குள் பார்க்கும் இயந்திரமும் இதே கணக்கைத்தான் போடுகிறது: ஒலி போய்த் திரும்ப எவ்வளவு நேரம், ஆகவே எவ்வளவு ஆழம். நம் உடம்பின் சதையில் ஒலி ஏறக்குறைய நீரில் போகும் வேகத்தில்தான் போகிறது.

ஜெனீவாவில் அறுவை மருத்துவர் லூயி ஜுரீன். ஸ்பல்லன்சானியின் சோதனையைக் கேள்விப்பட்டு, வௌவாலின் கண்ணை விட்டுவிட்டுக் காதை அடைத்துப் பார்த்தவர் இவர்தான். காதை அடைத்ததும் வௌவால் கண்டபடி முட்டிக்கொண்டது. ஸ்பல்லன்சானியும் செய்து பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனால் வௌவால் எதைக் கேட்கிறது? இருவர் காதுக்கும் அறையில் நிசப்தம்தான். 1799இல் ஸ்பல்லன்சானி அந்தக் கேள்வியோடே இறந்தார். பாரிசிலிருந்து கூவியே என்ற பெரிய விஞ்ஞானி, அது தொடுவுணர்வால்தான் என்று அறிவிக்க, ஊர் உலகமே அதை நம்பிவிட்டது. 1938இல்தான் அமெரிக்காவில் கிரிஃபின் என்ற மாணவர், பியர்ஸ் என்ற பேராசிரியர் செய்துவைத்திருந்த, கேட்காத ஒலியைக் கேட்க வைக்கும் கருவியின் முன் வௌவாலைப் பிடிக்க, கருவி சடசடவென்று கத்தியது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, எதுவும் கேட்கவில்லை, ஆகவே எதுவும் இல்லை என்றே இருந்தோம்.

நகரம் அழகுதான். எனக்குக் கால் வலி. ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

நாள் 3, சனி, பாரிஸ்

ரயிலில் பக்கத்தில் ஹங்கேரிக்காரப் பெண். நோட்டில் உல்ட்ராஹாங் என்று எழுதினாள். ஹாங் என்றால் ஒலி, மனிதர் குரலும் அதுதான் என்றாள். அப்படியானால் அவர்கள் மொழியில் இது குரலுக்கு அப்பால் என்றும் காதில் விழும். இடைவழிக்கு அப்பால் இருந்த ஃபின்லாந்துக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டு எட்டிப் பார்த்து, எங்களுக்கும் அப்படியே என்று உல்ட்ரா-ஆனி என்று எழுதினார். ஆனி என்றால் ஒலி, குரல், தேர்தலில் போடும் வாக்கும்கூட.

பாரிசில் வோக்லன் தெரு 10ஆம் எண். பியர் கியூரி பாடம் நடத்திய தொழிற்பள்ளி. 1880இல் அவரும் அண்ணன் ஜாக்கும் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். தலைகீழாகவும் அது நடக்கும்: மின்சாரம் கொடுத்தால் படிகம் துடிக்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் அதற்குப் பெரிதாக ஒரு பயனும் தெரியவில்லை. 1912இல் டைட்டானிக் மூழ்கியது. பிறகு போர், நீர்மூழ்கிக் கப்பல்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த சிலோவ்ஸ்கி என்ற ருஷ்ய மின்பொறியாளர், காதுக்கு எட்டாத ஒலியை நீருக்குள் அனுப்பி அதன் எதிரொலியால் மறைந்திருப்பதைப் பிடிக்கலாம் என்று பிரெஞ்சு அரசுக்கு எழுதினார். பணி கியூரியின் மாணவர் போல் லான்ஜவனிடம் வந்தது. அவர் தம் ஆசிரியரின் படிகத்தை எடுத்தார். குவார்ட்ஸ் வில்லைகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஒட்டி மின்சாரத்தால் துடிக்க வைத்தார். 1918இல் தூலோன் கடலில் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி திரும்பி வந்தது.

அந்த ஒலிக்கற்றையின் வழியில் அகப்பட்ட சிறு மீன்கள் செத்தன. நீருக்குள் நீட்டிய கை வலித்தது. கேட்காத ஒலி காதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொடுகிறது.

தெருவில் நின்று கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் பாந்தியோன் வரை நடந்தேன். பத்து நிமிட நடைதான். லான்ஜவனை 1948இலும் பியர், மேரி கியூரி இருவரையும் 1995இலும் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ். ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் அங்கே கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றேன்.

பிரெஞ்சில் உல்ட்ராசோன். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்கள் இதையே சூப்பர்சோனிக் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு ஒலியை விட வேகமாகப் போகும் விமானம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. உல்ட்ரா, சூப்பர், நம் மீ, எல்லாமே ஒரே வேலையைச் செய்கின்றன. நம் காதை நடுவில் கோடாகக் கிழித்து, அதற்கு மேலே, அதற்கு அப்பால் என்கின்றன. வௌவால் பெயர் வைத்திருந்தால் அதை வெறும் ஒலி என்றிருக்கும். நாம் பேசுவதற்குத்தான் அது கீழொலி என்று ஏதாவது பெயர் தேடியிருக்கும்.

நாள் 4, ஞாயிறு, பாரிஸ்

இன்று கீழ்ப்பக்கத்தைக் கேட்கப் போனேன். கேட்க என்று எழுதுவது சரியா என்பதுதான் இன்றைய பாடம்.

சான் சுல்பீஸ் தேவாலயத்து ஆர்கன் 1862இல் கவாயே-கோல் என்ற கைவினைஞர் கட்டியது. வாசிக்க ஐந்து கட்டைவரிசைகள். அதன் மிகப் பெரிய குழல்களின் வரிசையை 32 அடி என்கிறார்கள். அந்த நீளக் குழலின் அடித்தளச் சுரம் நொடிக்குச் சுமார் 16 அதிர்வு. 20 என்று நான் எழுதிக் காட்டிய எல்லைக்கும் கீழே. காதுக்கு எட்டாத சுரத்துக்காக ஒருவர் அத்தனை பெரிய குழலைச் செய்து ஏற்றியிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டே திருப்பலிக்கு வந்தவர்களோடு பின்வரிசையில் உட்கார்ந்தேன். நான் கோயிலுக்குப் போகிறவள். வேறு வழிபாட்டின் நடுவில் சோதனை செய்வதுபோல் உட்காரக் கூடாது என்று கைகூப்பிக்கொண்டேன்.

முடிவில் ஆர்கன் முழுதும் திறந்தது. மேலே சுரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று அடியில் ஒன்று வந்து சேர்ந்தது. அது காதில் விழவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலி சொன்னது, விலா சொன்னது. கதவை மூடிய அறைக்கு வெளியே பெரிய லாரி நின்று உறுமுவது போல, ஆனால் உறுமல் இல்லாமல். அது வந்ததும் மேலே இருந்த இசை முழுவதும் தரையில் கால் ஊன்றிக்கொண்டது. நின்றதும் கட்டடம் லேசாகிவிட்டது. கண் கலங்கியது. பக்கத்திலிருந்த மூதாட்டி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

இதற்குப் பிரெஞ்சில் அன்ஃப்ராசோன். இன்ஃப்ரா என்றால் கீழே. நம் குற்றொலி என்ற பெயரோடு எனக்கு இன்று சண்டை. குறு என்றால் சிறியது, குறுகியது. 16 அதிர்வுக்கு அலையின் நீளம் இருபது மீட்டருக்கு மேல். இத்தனை பெரியதைக் குறுக்கிப் பெயர் வைத்தது எனக்கு ஒட்டவில்லை. அதிர்வெண் குறைவு என்பதால் வைத்திருக்கிறார்கள், தெரியும். தாழொலி என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

தேவாலயத்துக்கு வெளியே ஏதென்ஸ்காரத் தம்பதி. கிரேக்கத்தில் மேலே உள்ளது இபெரிஹோஸ், கீழே உள்ளது இபோஹோஸ் என்று எழுதினார்கள். ஐரோப்பாவில் நான் கேட்டவர்களில் லத்தீன் உல்ட்ராவைக் கடன் வாங்காதவர்கள் இவர்கள் மட்டுமே. மேலொலி, கீழொலி. நம் மீயொலியைப் பிரித்து, மீ என்றால் மேல் என்று சொன்னேன். அந்த அம்மாள் மகிழ்ந்து என் நோட்டில் தமிழில் எழுதிக் காட்டச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

நாள் 6, செவ்வாய், உத்ரெக்ட்

நேற்று மகள் வீடு சேர்ந்தேன். பெட்டியைத் திறந்து பருப்புப் பொடி, மாவடு எல்லாம் எடுத்து வைப்பதில் ஒரு நாள் போய்விட்டது.

இன்று மாலை தெருவில் நடந்தோம். ஒரு வீட்டுத் தோட்டத்தைக் கடக்கும்போது மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

"என்னம்மா?"

"பூனை விரட்டி. செடிக்கு நடுவே வைத்திருக்கிறார்கள் பார். காதைக் குடைகிறது. உனக்குக் கேட்கவில்லையா?"

கேட்கவில்லை. திரும்பிப் போய் அந்தச் சின்னப் பெட்டியின் முன் குனிந்து நின்றேன். ஒன்றுமில்லை. அவளுக்கு வயது 29, எனக்கு 61. வயது ஏற ஏறக் காதின் மேல் எல்லை கீழே இறங்கிக்கொண்டே வரும் என்பதும் நான் நடத்திய பாடம்தான். என் வயதில் பலருக்கு 12,000க்கு மேல் கேட்பதே அரிது. 20,000 என்பது இளம்பிள்ளைகளின் காதுக்கான கணக்கு. முன்பெஞ்சில் இருந்த பதினான்கு வயதுப் பெண்களுக்குக் கேட்ட எத்தனையோ சத்தம், கரும்பலகைப் பக்கம் நின்ற எனக்குக் கேட்காமல் போயிருக்கும். அப்பால் என்ற சொல் என் மகளுக்கு ஓர் இடத்திலும் எனக்கு வேறோர் இடத்திலும் தொடங்குகிறது. இனி எங்கள் ஊர்க் கிணற்றடியில் ராப்பூச்சி ஓய்ந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் யோசிப்பேன்.

டச்சில் புத்தகச் சொல் உல்ட்ராகெலெய்ட். வீதியில் யாரும் சொல்வதில்லை. எக்கோதான். ஒலிக்கு வரம்பு கட்டாமல், அது திரும்பி வருவதை வைத்துப் பெயர். அம்மா வீட்டுக்குப் போன மகள் திரும்பி வருவதைச் சொல்வது போல இருக்கிறது. எனக்கு இது பிடித்துவிட்டது.

இன்னொருவரைப் பற்றியும் எழுத வேண்டும். ஸ்வென் டைக்ஹ்ராஃப், பின்னாளில் இதே ஊரில் பேராசிரியராக இருந்தவர். நாடு ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த 1943இல், அமெரிக்கர் கண்டுபிடித்தது எதுவும் தெரியாமல், தனியே வௌவால்களை வைத்து ஆராய்ந்தார். அவரிடம் அந்த உயர் அதிர்வுகளைப் பிடிக்கும் கருவி இல்லை. வெறும் காதோடு கூர்ந்து கேட்டார். வௌவால் கத்தும்போது மிக மெல்லிய டிக் என்ற ஒலி நம் எல்லைக்குள்ளும் சிந்துகிறது. தடையை நெருங்கும்போது அந்த டிக்குகள் அடுக்கடுக்காக நெருங்குவதைக் கேட்டே, இவை தம் குரலின் எதிரொலியால் பார்க்கின்றன என்று முடிவு கட்டினார். பவியாவில் நான் ஆற்றின் ஓசையைத் தாண்டிக் கேட்க முயன்றிருக்க வேண்டும்.

நாள் 7, புதன், ஹாம்பர்க் வழியாக

மாப்பிள்ளைக்கு ஸ்வீடனில், மால்மோவில் இரண்டு நாள் வேலை. "அத்தை, லுண்ட் பக்கத்தில்தான் இருக்கிறது, வருகிறீர்களா?" என்று அவரே கேட்டார். மகளுக்குத் துணையாக அவளுடைய தோழி வந்து இருக்கிறாள்.

ஹாம்பர்க்கில் வண்டி மாறும் இடைவெளியில் ஹெர்ட்ஸ் பெயர் தாங்கிய தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பார்த்தோம். இந்த ஊரில் 1857இல் பிறந்தவர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். 36 வயதில் இறந்துவிட்டார். எத்தனை ஆயிரம் முறை அவர் பெயரை எழுதியிருப்பேன்.

ஜெர்மனில் உல்ட்ராஷால். ரயிலில் எதிரே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஷால் என்பது எந்தச் சொல் என்று நிதானமாக விளக்கினார். இசையின் சுரத்துக்கு டோன், பேச்சொலிக்கு லவுட், இரைச்சலுக்கு கெரொய்ஷ். இவையெல்லாம் காதில் விழுபவை. ஷால் மட்டும் காற்றில் நடப்பது, கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பாதி விடை இங்கே கிடைத்தது. நமக்கும் அந்தப் பிரிவு உண்டு: சத்தம் வேறு, ஒலி வேறு. சத்தம் கேட்டது என்போம், கேட்காத சத்தம் என்று ஒருவரும் சொல்ல மாட்டோம். ஆனால் என் மாணவிகள் வீட்டில் ஒலி என்ற சொல்லே புழங்காது, சத்தம் மட்டும்தான். நான் ஒலி என்றபோது அவள் சத்தம் என்று கேட்டிருக்கிறாள். அதை அன்றே பிரித்துச் சொல்லியிருந்தால் போதும்.

நாள் 8, வியாழன், லுண்ட்

கடல்மேல் பாலத்தில் ரயில் வந்தபோது பக்கத்தில் ஐஸ்லாந்துச் செவிலியர் ஒருவர். ஒலிக்கு அவர்கள் மொழியில் ஹ்லியோத். அதே சொல் மௌனத்துக்கும் ஆகும் என்றார். அந்தச் சொல்லை வைத்தே ஒலி எழுப்பினான் என்றும் சொல்லலாம், ஓசையின்றிச் செய்தான் என்றும் சொல்லலாம். பழைய காலத்தில் செவிசாய்த்தல் என்ற பொருளும் இருந்ததாம். ஒருவர் பேச எழுந்து ஹ்லியோத் கேட்டால், அமைதியும் காதும் இரண்டும் கேட்கிறார். எனக்குச் சிலிர்த்தது. வகுப்பில் நுழைந்து நான் தினமும் கேட்டது அதைத்தான். ஸ்வீடனில் அதே வேரிலிருந்து யூட். உல்ட்ராயூட் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்து, எழுதும்போது முதலில் ஓர் எல் இருக்கிறது, அதை யாரும் உச்சரிப்பதில்லை என்றார். ஒலி என்ற சொல்லுக்குள்ளேயே கேட்காத ஓர் எழுத்து!

லுண்ட் மருத்துவமனையில் எட்லர் என்ற இருதய மருத்துவர் இருந்தார். முடக்குக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கியவர்களுக்கு அறுவை செய்யத் தொடங்கியிருந்த காலம். மார்பைத் திறக்கும் முன் வால்வு எப்படி இருக்கிறது என்று அறிய நல்ல வழி இல்லை. அவர் தேடிப் போன இயற்பியலாளர் கார்ல் ஹெல்முட் ஹெர்ட்ஸ். நேற்றைய கோபுரத்து ஹெர்ட்ஸ் இவருடைய தாத்தாவின் உடன்பிறந்தவர்! மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் எஃகின் உள்வெடிப்பைக் கேட்காத ஒலியால் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதை வாங்கி ஹெர்ட்ஸ் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். பிறகு வேறொரு கருவி கிடைக்க, 1953 அக்டோபர் 29 அன்று துடிக்கும் இருதயத்தின் எதிரொலியைப் படமாகப் பதிந்தார்கள். கப்பலின் தகட்டைப் பார்த்தது மனிதரின் வால்வைப் பார்த்தது.

என் அக்காவுக்கு 1991இல் மூச்சிரைத்தது. மதுரையில் எக்கோ எடுத்து, வால்வு சுருக்கம் என்றார்கள். மார்பைக் கிழிக்காமல் பலூன் வைத்து விரித்தார்கள். வீட்டில் அதுவரை எக்கோ என்ற சொல்லை ஒருவரும் கேட்டதில்லை. இன்று அக்காவுக்கு 68. மருத்துவமனை வாசலிலிருந்து அவளை அழைத்தேன்.

"அக்கா, உனக்கு எக்கோ எடுத்தார்களே, அது பிறந்த ஊரில் நிற்கிறேன்."

"குளிருமே, காதைக் கட்டிக்கொண்டாயா?" என்றாள்.

நாள் 12, திங்கள், உத்ரெக்ட்

எழுத மூன்று நாள் இடைவெளி. இன்று காலை எக்கோ.

சின்ன அறை. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் மகளின் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்தார். அதன் நுனிக்குள் கியூரி சகோதரர்கள் கண்ட அதே குணம் கொண்ட பொருள்தான் துடிக்கிறது. நொடிக்குச் சில மில்லியன் முறை. திரையில் முதுகெலும்பு, உள்ளங்கை, பிறகு இருதயம். நான்கு அறைகளும் தெரிந்தன. இரண்டு வால்வுகள் ஒன்றாகத் திறந்து மூடின. லுண்டில் பார்த்தது, அக்காவின் மார்புக்குள் இருப்பது. இது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார். மகள் என் விரலைப் பிடித்திருந்தாள்.

பிறகு அவர் வெகு இயல்பாகக் கேட்டார், ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விருப்பமா என்று.

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். "அத்தை, நீங்கள் சொல்லுங்கள்" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம். 1994ஆம் ஆண்டின் சட்டம். அந்தப் பலகை ஏன் வந்தது என்று உசிலம்பட்டியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லான்ஜவனின் கற்றையும் எட்லரின் கருவியும் எங்கள் ஊருக்கு வந்தபோது, வயிற்றில் இருக்கும் பெண்ணைத் தேடிப் பிடிப்பதற்கும் அவற்றைக் கையில் எடுத்தார்கள். மீயொலியின் பயன்கள் என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எல்லா வருடமும் விடை எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தப் பயனை ஒரு வருடமும் பலகையில் எழுதியதில்லை. வகுப்பு முடிந்ததும் பெண்களை இருக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, வாயால் சொல்வேன். நாளை உங்களை அந்த மேசையில் படுக்க வைத்து, கூட வந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால், நீங்கள் எழுந்து வந்துவிட வேண்டும் என்று.

"இது உங்கள் இருவர் விருப்பம்" என்றேன். இங்கே அது குற்றமில்லை. கேட்டவர் முகத்தில் கள்ளம் இல்லை. இவர்கள் இருவரும் எந்தப் பதிலுக்கும் ஒரே மாதிரி மகிழ்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மகளின் விரலை விடுவித்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, நடையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உள்ளே பேச்சுக் குரல் மங்கலாகக் கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, கேட்க முயலவும் இல்லை. பிறகு அந்தப் பெண் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கதவைத் தாண்டி வந்தது: தடதட தடதட தடதட என்று, பெரியவர்களின் நாடியைவிட இரண்டு மடங்கு வேகத்தில்.

அனுப்பிய ஒலியும் என் காதுக்கு எட்டாது, திரும்பிய ஒலியும் எட்டாது. ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் சிறிது மாறுகிறது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் சில நூறு ஹெர்ட்ஸ். அது என் 61 வயதுக் காதுக்கு நன்றாகவே கேட்கும். சத்தம் என்றே சொல்லலாம்.

மகள் அதைக் கைபேசியில் பதிந்து பெரியம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். நாங்கள் டிராமுக்குக் காத்திருந்தபோது அக்கா அழைத்தாள்.

"ஏதோ வந்திருக்கிறதே, கேட்டேன். எங்கேயடி இருக்கிறீர்கள், ரயிலிலா?"